பிச்சமுத்து பார்த்த தண்ணீர்

பிச்சமுத்துவின் உத்தியோகம் தண்ணீரைப் பார்ப்பது. இறைப்பதில்லை, பாய்ச்சுவதில்லை, விற்பதில்லை. பார்ப்பது மட்டும்தான். ஸ்ரீரங்கம் வடக்கு வாசல் பக்கம் ஒரு டீக்கடையில் இதைச் சொன்ன அன்றைக்கு, பெஞ்சில் இருந்தவன் வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டான்.

"இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். நாங்கள்லாம் சம்பளம் இல்லாமலே பார்த்துக்கிட்டு இருக்கோம்ண்ணே," என்றான்.

பிச்சமுத்து காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சிரிக்கிறவனுக்கு விளக்கம் சொல்வதற்கு அவருக்கு எப்போதுமே பொறுமை கிடையாது.

லால்குடி தாண்டி உள்ளே போனால் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். தோண்டின கல்லை நொறுக்கிக் கழுவுவார்கள். கழுவின சேறு பம்பு வழியாக ஒரு குளத்துக்குப் போகும். குளம் என்றால் பள்ளத்தில் இருக்கிற குளம் இல்லை. நாலு பக்கமும் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, மாடி வீட்டு உசரத்துக்குச் சேற்றைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். சேறு அடியில் படியும், தண்ணீர் மேலே நிற்கும். அந்தத் தண்ணீர் வெளியேறுவதற்குக் கரைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் போகிறது. இப்போது இருக்கிறவர்கள் வாங்குவதற்கு முன்னாலேயே யாரோ புதைத்தது. குழாய் கரையை விட்டுத் தலை நீட்டுகிற இடத்தில் பிச்சமுத்துவுக்கு ஒரு தகரக் கொட்டகை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

குழாய்க்குள்ளே ஓடுகிற தண்ணீர் அவருக்குச் சம்பந்தமில்லை. குழாய்க்கு வெளியே, சிமெண்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு கசிந்து வருகிறதே, அதுதான் அவர் தண்ணீர்.

வேலையில் சேர்ந்த அன்றைக்கு இன்ஜினியர் விஜயராணி அவரை அந்த இடத்தில் குந்த வைத்துச் சொன்னார். கே.கே. நகர் பெண். வயசு முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். வளைத்துப் பேசத் தெரியாத ஆள். பிச்சமுத்துவுக்கு அது பிடித்துப்போயிற்று.

"இத்தனை வருசம் என்ன வேலை பார்த்தீங்கண்ணே?"

"குழாய் பதிக்கிறது மேடம். குடிதண்ணிக் குழாய். உங்க கே.கே. நகர்ல பாதித் தெருவுல நான் பள்ளம் தோண்டியிருக்கேன்."

"அப்ப சொல்லுங்க. குழாயை வெச்சுட்டு மண்ணைப் போட்டுக் கெட்டியா இடிச்சு விடுவீங்க. மேல இடிக்கலாம், பக்கத்துல இடிக்கலாம். குழாயோட வயித்துக்கு அடியில எப்படி இடிப்பீங்க?"

பிச்சமுத்து கொஞ்சம் யோசித்தார். "கட்டைவிரலால தள்ளி விடுவோம்."

"கை கட்டைவிரலா?"

"கால் கட்டைவிரல்."

விஜயராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கதான் தண்ணி வழி கண்டுபிடிக்கும். இந்தக் குழாயைச் சுத்தி நடுவுல நடுவுல சிமெண்டு வளையம் வேற வெச்சிருக்காங்க. வளையம் தண்ணியைத் தடுக்கும்னு நினைச்சாங்க. வளையத்துக்குப் பக்கத்துல இடிக்கவே முடியாது, இன்னும் மோசம். கசியறது தப்பில்லைண்ணே. மண் கரைன்னா கசியும். தெளிவா கசிஞ்சா கசியட்டும். வெள்ளையா வந்தா குளத்துச் சேறு. செம்மண்ணா வந்தா கரையையே தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். இந்த வாயிலேர்ந்து பின்னாடியே பொந்து விழுந்துக்கிட்டுப் போகும். அந்தப் பக்கம் குளத்தைத் தொட்டுச்சுன்னா, அப்புறம் நிறுத்த முடியாது."

"அடைச்சுட்டா?"

"அடைக்கவே கூடாது. அடைச்சா நமக்குத் தெரியாத இடத்துல போய்ப் பிச்சுக்கும். தண்ணியை விடணும், மண்ணைப் புடிக்கணும். அதுக்குத்தான் இந்த மணல்." கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடின ஒரு மணல் குவியல், ஒரு பொடி ஜல்லிக் குவியல். "முதல்ல மணல், மேல ஜல்லி, அதுக்கு மேல கல்லு. வடிகட்டி மாதிரி."

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது பிச்சமுத்து இதையெல்லாம் தன் மனைவி சந்திரம்மாளிடம் ஒப்பித்தார். அதற்குப் பிறகும் ஒப்பித்துக்கொண்டே இருந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற சந்திரம்மாளுக்குக் குழாய் வயிறு, மணல், ஜல்லி எல்லாம் சாம்பார்ப் பொடி மாதிரி பழக்கமாகிவிட்டது.

தெளிவா, கலங்கலா என்று பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கசிவுத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பாக ஏதாவது எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெரிந்தால் தெளிவு. எழுதுகிற வேலை பிச்சமுத்துவுக்கு ஒத்துவராது. வீட்டில் தினசரி காலண்டர் இருக்கிறது. காலையில் எழுந்ததும் நேற்றைய தாளைக் கிழிப்பது சின்ன வயசிலிருந்து அவருக்குப் பழக்கம். கிழித்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, கொட்டகைப் பலகையில் குத்திவிடுவார், சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில் சொருகி வைப்பார். தேதி எண் கறுப்பாகப் பெருசாக இருக்கிறது, அப்புறம் என்ன. விஜயராணியே பார்த்துவிட்டு, "நல்ல ஐடியாண்ணே," என்றார். அதை அவர் ரொம்ப நாள் மனசில் வைத்திருந்தார்.

மத்தியானம் மேற்பார்வை பார்க்கிற பிராங்க்ளின் போன் பண்ணுவான். "பிச்சையண்ணே, என்ன நிலவரம்?"

"தெளிவு."

அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருசம் பள்ளத்துக்குள் நின்றவரை மேலே நிற்கிறவர்கள் 'தோண்டு', 'போடு', 'நகரு' என்றுதான் சொல்லியிருக்கிறார்களே தவிர, நிலவரம் என்னவென்று ஒருத்தரும் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள். அவர் சொல்கிற ஒரு வார்த்தையை நம்பி அந்தப் பக்கம் பம்பு ஓடியது, இந்தப் பக்கம் கரைக்குக் கீழே வாழைத் தோட்டத்தில் ஆட்கள் வேலை பார்த்தார்கள், ஓட்டு வீடுகளில் சோறு வெந்தது, இருளாயி ஆடு மேய்த்தாள்.

கண் எப்போது மங்க ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. முதலில் பஸ் நம்பர் போனது. போனால் என்ன, கண்டக்டர் கத்துகிறானே. அப்புறம் அரிசியில் கல் போனது. வெயில் ஏறினால் முகத்தில் வெள்ளை வேட்டியைப் போட்டுக்கொண்டு பார்க்கிற மாதிரி ஆனது. காலுக்குப் பழகின பாதை, கைக்குப் பழகின டம்ளர், அதனால் விழாமல் கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாம். புரை எடுத்துவிட்டு ஊர் பூராவும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறார்கள், அவருக்குத் தெரியாதா. ஆனால் அதற்கு முதலில் கண் தெரியவில்லை என்று ஒருத்தரிடம் சொல்ல வேண்டும். குழாய் பதிக்கிற காலத்தில் முதுகு பிடித்துக்கொண்டபோது, "குணமானதும் வாங்கண்ணே," என்று மேஸ்திரி அனுப்பி வைத்தான். குணமாகிப் போனார். அவர் மண்வெட்டியை வேறொருவன் பிடித்திருந்தான்.

பொய் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவில்லை. இதை நம்பித்தான் ஆக வேண்டும். டம்ளரை வைத்தார், குனிந்து பார்த்தார், எண் தெரிந்தது. காலையில் தானே கிழித்த தேதி என்னவென்று மனசுக்குத் தெரிந்தவருக்கு, அந்தத் தேதி தாளிலும் தெரியத்தான் செய்யும்.

பங்குனி பிறந்த ஞாயிற்றுக்கிழமை. சமயபுரத்தில் பூச்சொரிதல் நடக்கிற காலம். மெஸ்ஸுக்கு லீவு. பிச்சமுத்துவுக்கு லீவு கிடையாது. "நானும் உங்ககூட வர்றேன். வேலை முடிஞ்சு அப்படியே அம்மனுக்குப் பூப் போட்டுட்டு வந்துரலாம்," என்றாள் சந்திரம்மாள். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவளே காலண்டரைக் கிழித்தாள். கிழித்த தாளில் குங்குமத்தை மடித்துப் பூக்கூடையில் வைத்துவிட்டாள். இவருக்குத் தாள் வேண்டுமே என்று, ஆணியில் குத்தி வைத்திருந்த பழைய தாள்களில் கைக்கு வந்த ஒன்றை உருவிச் சட்டைப் பையில் சொருகினாள். தாள் என்றால் தாள்தானே என்று நினைத்தாள்.

கொட்டகைக்கு வந்ததும் பிச்சமுத்து நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு அவளை உட்கார வைத்தார்.

"இதான் ஆபீஸ்."

"பேன் எங்க?"

"மேல பாரு. வேப்ப மரம் ஓடுது."

"நல்லாத்தான் இருக்கு. நான் வெங்காயம் உரிச்சுக் கண்ணைக் கசக்குறேன், நீங்க காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

மத்தியானம் அவள் பார்க்கட்டும் என்று கொஞ்சம் நிதானமாகவே செய்தார். டம்ளரை அலசினார். குழாய் ஓரத்தில் பிடித்தார். பலகையில் தாளுக்கு முன்னால் வைத்துக் குனிந்தார். "பதினாலு," என்றார். போன் வந்தது. "தெளிவு," என்று சொல்லி வைத்தார். வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார், எப்படி என்கிற மாதிரி.

சந்திரம்மாள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கலருங்க?"

"தண்ணி கலரு."

"டீத்தண்ணி மாதிரி இருக்கு."

"வெயில்ல அப்படித் தெரியும்."

அவள் எழுந்து வந்து டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள். "இப்ப தாள்ல என்ன போட்டிருக்கு?"

"அதான் சொன்னேனே, பதினாலு."

"ஒன்பது."

"பதினாலு சந்திரா. இன்னைக்குத் தேதி பதினஞ்சு, நேத்து பதினாலு."

"பதினாலை நான் குங்குமம் மடிச்சுட்டேன். இது ஆணியில கிடந்த தாளு. ஒத்தை எழுத்து, ஒன்பது."

பிச்சமுத்து தாளைப் பிடுங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். கறுப்பாக ஒரு கறை. அது ஒன்பதாகவும் இருக்கலாம், ஒட்டகமாகவும் இருக்கலாம்.

"எப்பலேர்ந்து?" என்றாள் அவள். தண்ணீரைக் கேட்கிறாளா, கண்ணைக் கேட்கிறாளா என்று தெரியவில்லை.

மண்டி போட்டுக் குழாயின் வயிற்றுக்கு அடியில் கையை விட்டார். விரலை உரசிப் பார்த்தார். நறநறவென்று இருந்தது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணிக்கப் போனார். கை தானாகப் போனது. வீட்டுக் குழாயோ வயல் வரப்போ, ஒழுகுகிற இடத்தைக் கண்டால் இந்த ஊரில் யாருக்கும் கை அப்படித்தான் போகும்.

"என்ன பண்றீங்க? அடைக்கக் கூடாதுன்னு சோறு திங்க விடாம சொன்னது யாரு?"

துண்டை எடுத்தார். சேறு சொட்டியது.

"மேடத்துக்குப் போன் போடு," என்றார். "என் கையெல்லாம் சேறு."

விஜயராணி எங்கோ வளைகாப்பு வீட்டில் இருந்தார். போனில் பாட்டுச் சத்தம் கேட்டது. கலங்கல் என்றதும் பாட்டுச் சத்தம் குறைந்தது, வெளியே வந்திருப்பார்.

"என்ன கலர்?"

"செம்மண்ணு மேடம்."

"நேத்து எப்படி இருந்துச்சுண்ணே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நேத்து, அதுக்கு முந்தின நாள்."

யோசிக்க ஒன்றுமில்லை. உண்மை நாக்கு நுனியில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்தது.

"தெளிவா இருந்துச்சு மேடம்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"சரி, அப்ப இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. பயப்படாதீங்க. மணலைப் போட்டு மேல ஜல்லி போடுங்க, பிராங்க்ளினை அனுப்புறேன். பம்பு ஓடட்டும். நான் இங்க முடிச்சுட்டு சாயங்காலம் வந்து பார்க்கிறேன்."

சந்திரம்மாள் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை, தூரத்தில் வாழைத் தோட்டத்தைப் பார்த்தாள். முப்பது வருசமாக அவள் கோபித்துக்கொண்டால் பாத்திரம் உருளும். அன்றைக்கு ஒன்றும் உருளவில்லை. அதுதான் பிச்சமுத்துவுக்குத் தாங்கவில்லை.

"ஏதாச்சும் சொல்லேன்," என்றார்.

"நான் என்ன சொல்றது. எனக்கா தெரியும் நேத்து எப்படி இருந்துச்சுன்னு."

பிராங்க்ளின் பைக்கில் வந்து இறங்கினான். பின்னால் களிமண் அடைத்த இரண்டு சாக்கு மூட்டை. "என்னண்ணே, உங்க திருவானைக்கா சாமி காலடி மாதிரி இங்கயும் ஊத்து கிளம்பிருச்சா. இதை வெச்சு ஒரே அமுக்கா அமுக்கிருவோம்."

"மூட்டையை இறக்காத," என்றாள் சந்திரம்மாள். "மணலை எடு தம்பி."

யார் இந்த அம்மா என்கிற மாதிரி அவன் பார்த்தான். ஆனால் எடுத்தான்.

பிச்சமுத்து மணலைக் கூடையில் அள்ளிக்கொண்டு குழாய் வாய்க்கு நடந்தார். நடக்கும்போது கரைக்குக் கீழே பார்த்தார். கரை நிழல் விழுகிற நேரம். இருளாயி அந்த நிழலில்தான் ஆடுகளை மடக்கிப் போட்டுவிட்டுத் தூக்குவாளியைத் திறப்பாள். தெரிகிறதா என்று பார்த்தார். புகை மாதிரி சில உருவங்கள் தெரிந்தன. கறுப்பாகக் கொஞ்சம், பழுப்பாகக் கொஞ்சம். சிலது அசைந்தது, சிலது அசையவில்லை. அதில் எது ஆடு, எது இருளாயி என்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினார், கையை நெற்றியில் வைத்தார். அவள் அங்கே இருக்கிறாளா, வீட்டுக்குப் போய்விட்டாளா, அதுகூடத் தெரியவில்லை.

கூடையை இறக்கி வைத்தார்.

"சந்திரா, மறுபடியும் போன் போடு."

"பிராங்க்ளின் தம்பி நிக்குது."

"நிக்கட்டும். போடு."

அவள் போட்டு, காதில் வைக்கத் தெரியாமல் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள். பாட்டுச் சத்தம் அந்த வெயிலில் வந்து விழுந்தது.

"சொல்லுங்கண்ணே."

"மேடம், நேத்து தெளிவுன்னு சொன்னேன்ல. நேத்து நான் பார்க்கலை."

"வேலைக்கு வரலையா?"

"வந்தேன் மேடம். டம்ளர்ல புடிச்சேன். பார்த்தேன். ஆனா எனக்குக் கண்ணு தெரியலை."

அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் தள்ளிப் போனது.

"எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியே மங்கிருச்சு மேடம்."

"அப்ப பொங்கலுக்கு அப்புறம் நீங்க சொன்ன தெளிவு எதுவுமே..."

"ஆமா மேடம். எதுவுமே."

விஜயராணி திட்டவில்லை. திட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "பிராங்க்ளின் இருக்கானா? பிராங்க்ளின், பம்பை நிறுத்து. இப்பவே. பழைய பள்ளத்துக்கு டீசல் மோட்டார் போட்டுக் குளத்துத் தண்ணியை இறக்கு. கரைக்குக் கீழே ஒரு ஆள் இருக்கக் கூடாது, வீட்டுல இருக்கிறவங்களையும் ரோட்டுக்கு ஏத்து. அந்தக் களிமண் மூட்டை கொண்டு வந்திருப்பியே, அதைக் கண்ணுல படாத இடத்துல போடு. நான் கிளம்பிட்டேன்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிராங்க்ளின் பைக்கில் பறந்தான். பம்புச் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் இல்லாமல் அந்த இடத்தைப் பிச்சமுத்து கேட்டதே இல்லை. சந்திரம்மாள் கரைச் சரிவில் புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கி, இருளாயியையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். இருளாயி தூக்குவாளியோடு வந்தாள், வாயில் சோறு இருந்தது.

"என்னா அண்ணே, என்னாவாம்?"

"எனக்குக் கண்ணு தெரியலை இருளாயி. தண்ணி கலங்கினது தெரியாம போச்சு."

"உனக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியுமே," என்றாள் இருளாயி. "போன மாசம் என் கெடாவைப் பார்த்து 'வா இருளாயி, சாப்டியா'ன்னு கேட்டியே."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"உன் கண்ணு, உனக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன். கெடாவும் ஒண்ணும் சொல்லலை."

சந்திரம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணல் போட்டார்கள். மூன்று பேரும் கூடை கூடையாக அள்ளிக் குழாயைச் சுற்றிக் குழாயையே மூடுகிற மாதிரி போட்டார்கள், தண்ணீர் போகிற வாயை மட்டும் விட்டு. பிச்சமுத்துவுக்கு இதற்குக் கண் வேண்டியதில்லை. மணல் எங்கே நனைந்து ஊறுகிறது என்று உள்ளங்கை சொன்னது. அதற்கு மேல் பொடி ஜல்லி, அதற்கு மேல் கல். ஜல்லி போட்டுக்கொண்டிருக்கும்போது விஜயராணி வந்து சேர்ந்தார். பட்டுப்புடவை, கை நிறைய சந்தனம். அப்படியே சேற்றில் இறங்கினார்.

ஓரத்தில் கொஞ்சம் ஜல்லியை விலக்கி, ஒரு நீளக் கம்பியைக் குழாயின் வயிற்றை ஒட்டி உள்ளே விட்டார். கம்பி போனது. போய்க்கொண்டே இருந்தது. அவர் அழுத்தவேயில்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி அதுபாட்டுக்குப் போனது. கடைசியில் அவர் விரல் நுனி பிடித்திருந்த முனை மட்டும் வெளியே இருந்தது.

கம்பியை உருவிப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது இன்னைக்கு ஆரம்பிச்சது இல்லை," என்றார். "சாயங்காலம் வரைக்கும் பம்பு ஓடட்டும்னு சொன்னேனே." கீழே ஓட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் பாய், கோழி, டிவி எல்லாம் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு கிழவர், "பொட்டியை விட்டுட்டு வந்துட்டியே," என்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு மணல் வழியாகத் தண்ணீர் தெளிந்து வர ஆரம்பித்தது. மண் உள்ளேயே நின்றுகொண்டது. சந்திரம்மாள் டம்ளரில் பிடித்துப் பார்த்துச் சொன்னாள், இருளாயி வாங்கிப் பார்த்து ஆமாம் என்றாள். மேலே குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பிற்பாடு அந்தக் குழாய்க்குள் சிமெண்டுப் பாலை ஊற்றி நிரந்தரமாக மூடி, தண்ணீருக்குக் கரை மேலேயே வேறு வழி வைத்தார்கள். அன்றைக்கு அவ்வளவு தூரம் யாரும் யோசிக்கவில்லை. ஆட்கள் உயிரோடு ரோட்டில் நின்றார்கள், அதுவே போதுமாக இருந்தது.

பிச்சமுத்து கை கழுவிக்கொண்டு விஜயராணிக்கு முன்னால் போய் நின்றார்.

"நாளையிலேர்ந்து நீங்க வேணாம்ண்ணே," என்றார் அவர்.

"சரி மேடம்."

"கோவமா இருக்கேன். உங்க மேலேயும், என் மேலேயும். வாரா வாரம் வந்தேன். காலண்டர் தாளைப் பார்த்தேன், டம்ளரைப் பார்க்கலை. கிழிச்சவருக்கே என்ன எண்ணுன்னு தெரியும்ங்கிறது எனக்கு உறைக்கலை, நல்ல ஐடியான்னு வேற சொன்னேன். ஒத்தை ஆளை நம்பி வெச்சதே தப்பு. இனிமே ரெண்டு பேர். ஒருத்தர் எழுத்தை வைக்கணும், இன்னொருத்தர் படிக்கணும். இப்போதைக்கு இருளாயியும் பிராங்க்ளினும் பார்க்கட்டும்."

"ஆட்டை யாரு பார்க்கிறது?" என்றாள் இருளாயி.

"பிராங்க்ளின்," என்றார் விஜயராணி சிரிக்காமல். பிறகு பிச்சமுத்து பக்கம் திரும்பினார். "நாளைக்கே தென்னூர் கண்ணாஸ்பத்திரியில காட்டுங்க. கண்ணு சரியானதும் வாங்க."

பிச்சமுத்து தலையாட்டினார். இந்த வார்த்தையை அவர் முன்னாலும் கேட்டிருக்கிறார். சந்திரம்மாள்தான் விடவில்லை.

"வந்தா இடம் இருக்குமாம்மா?"

விஜயராணி புடவையில் ஒட்டின சேற்றைச் சுரண்டிக்கொண்டே யோசித்தார். "என் கையில இல்லாததை இருக்குன்னு சொல்ல மாட்டேன்மா. மேல கேப்பாங்க. ஏன் மறைச்சாருன்னு கேப்பாங்க. அதே ஆள்தான் தானா சொன்னாரு, சொன்னதாலதான் இத்தனை பேர் பொழைச்சாங்கன்னு நானும் சொல்லுவேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஆனா ரெண்டு பேர் வேணும்ங்கிறதை நான் விடப்போறதில்லை. இன்னொரு நாற்காலி வாங்கித்தான் ஆகணும்."

இது நல்ல பதிலா, கெட்ட பதிலா என்று பிச்சமுத்துவுக்குத் தெரியவில்லை. பொய்யில்லாத பதில் என்பது மட்டும் தெரிந்தது. அவருக்கு அன்றைக்கு அது போதும்.

சமயபுரம் போகவில்லை. இரண்டு பேர் உடம்பிலும் சேறு. கொண்டு வந்த பூவைச் சந்திரம்மாள் இருளாயி தலையில் கொஞ்சம் வைத்துவிட்டு, மீதியை ரோட்டில் நின்ற பெண்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்துவிட்டாள். அம்மன் அடுத்த ஞாயிறும் அங்கேதான் இருப்பாள் என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு, பக்கத்தில் அவர். லால்குடி தாண்டியது.

"என் மூஞ்சி தெரியுதா?" என்றாள் திடீரென்று.

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா."

"தெரியுமான்னு கேக்கலை. தெரியுதான்னு கேட்டேன்."

பிச்சமுத்து அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். இனிமேல் எதையும் ஊகித்துச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி பார்த்தார். "பொட்டு தெரியுது. முடி வெள்ளையா தெரியுது. மூக்குத்தி..." நிறுத்தினார். "மூக்குத்தி தெரியலை. இருக்கா?"

"திருகாணி தொலைஞ்சு, கழட்டி டப்பாவுல போட்டு ஆறு மாசமாச்சு."

"ஆறு மாசமா?"

"நீங்க பார்த்துட்டு ஒண்ணும் கேக்கலைன்னு நினைச்சேன். கிழவியாயிட்டோம், இனிமே மூக்குத்தி இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு இருக்காருன்னு நினைச்சேன். ஒரு வாரம் அழுகையா வந்துச்சு."

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க சொன்னீங்களா?"

அவர் கையை நீட்டினார். அவள் பஸ்ஸில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, விரலை மட்டும் கொடுத்தாள். சேறு காய்ந்து சொரசொரவென்றிருந்தது.

டோல்கேட்டில் கூட்டம் ஏறியது. அப்புறம் காற்று மாறியது, சத்தம் அகலமானது. கொள்ளிடப் பாலம் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

"கீழே என்ன தெரியுது?" என்றார்.

"என்ன தெரியும், மணல்தான். ஒரு ஓரமா தண்ணி போகுது."

"யாராச்சும் இருக்காங்களா?"

சந்திரம்மாள் கம்பியில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தாள். "துணி காயப் போட்டிருக்கான். வரிசையா வெள்ளை வேட்டி. ஒரு வேட்டி பறந்துபோய்த் தண்ணியில விழுந்து கிடக்கு, அவன் பார்க்கலை. அந்தப் பக்கம் ரெண்டு பேர் மாட்டைக் குளிப்பாட்டுறாங்க. மாடு வர மாட்டேங்குது, ஒருத்தன் வாலைப் புடிச்சு இழுக்கிறான்."

"வெள்ளை மாடா?"

"செவலை. நெத்தியில மட்டும் வெள்ளை."

"அப்புறம்?"

"கழுத்து வலிக்குதுங்க," என்றாள் அவள். சொல்லிவிட்டு, மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பி, அடுத்து என்ன இருக்கிறதென்று தேடினாள்.